காமிரா வில்லைகள்: குப்பையா, சான்றா?

சுதந்திர தினத்தன்று பள்ளியில் உங்கள் சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திவிடுகிறார்கள். தேர்தல் வந்தால், கட்சிச் சின்னம் அச்சிட்ட வட்டமான பாட்ஜ் பலருடைய சட்டைப் பையில் பளபளக்கிறது. முன்னால் படம், பின்னால் ஓர் ஊசி; அவ்வளவுதான். விழா முடிந்த பிறகு அது எங்கே போகிறது? சில நாள் மேசை இழுப்பறையில் கிடக்கும். அப்புறம் குப்பைத் தொட்டிதான்.

ஆனால் இத்தகைய வில்லைகளிலே ஒரு வகையைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, காமிரா செய்யும் கம்பெனிகள் தங்கள் காமிராவின் படத்தை அச்சிட்டு, விளம்பரத்துக்காக மக்களிடம் வழங்கிய வில்லைகள் அவை. ஒரு காலத்தில் காசில்லாமல் கிடைத்ததற்கு இன்று நல்ல விலை தருகிறார்கள்.

"இது என்ன வேலையற்ற வேலை?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய விளம்பரப் பொருள்களைச் சேர்ப்பது மாணவர்களுக்கு ஏற்ற நல்லதோர் அறிவியல் பயிற்சி. ஆனால், அதை முறையோடு செய்ய வேண்டும். முறையில்லாமல் செய்தால் அது வெறும் கடைச் சரக்கு வாங்குவதாகிவிடும். இன்னொன்றும் சொல்வேன்: வேளச்சேரி போன்ற ஓர் ஊரில் இருக்கும் மாணவர்களுக்கு இந்த வேலை பொழுதுபோக்கு மட்டுமல்ல, அவசரமான வேலையும் ஆகும். ஏன் என்று பார்ப்போமா?

வில்லையைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு பழைய வில்லை உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரிக்க வேண்டாம், மனத்தால் பிரிப்போம். அடியில் கிண்ணம்போல் லேசாகக் குவிந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதன்மேல் படம் அச்சிட்ட வட்டமான காகிதம். காகிதத்துக்கு மேலே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய செல்லுலாய்டுத் தாள். காகிதமும் செல்லுலாய்டும் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பின்புறம் மடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மடிப்பை ஓர் உலோக வளையம் அழுத்திப் பிடிக்கிறது. வளையத்துக்குள், வளைத்த கம்பி ஒன்று தன் சுருள்வில் விசையாலேயே நிற்கிறது. அதன் கூர்முனைதான் சட்டையில் குத்தும் ஊசி.

பசை இல்லை, ஆணி இல்லை, பற்றவைப்பும் இல்லை. எல்லாப் பகுதிகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே நிற்கின்றன. எவ்வளவு எளிய அமைப்பு! இந்த அமைப்புக்கான காப்புரிமையை 1896-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தைச் சேர்ந்த வொயிட்ஹெட் அண்டு ஹோக் என்னும் கம்பெனி பெற்றது. அதே ஆண்டில் அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. மெக்கின்லியும் பிரையனும் போட்டியிட்டார்கள். இருவருடைய படம் போட்ட வில்லைகளும் ஏராளமாகச் செய்யப்பட்டன. அரசியல்வாதிகளுக்குப் பயன்பட்டது வியாபாரிகளுக்குப் பயன்படாதா? சோப்பு, சைக்கிள், பிஸ்கோத்து, காமிரா என்று எல்லாமே வில்லைக்குள் புகுந்துகொண்டன.

ஒரே ஊர், ஒரே பொருள்

இனித்தான் விந்தை வருகிறது. வில்லையின் மேல் மூடியிருக்கும் செல்லுலாய்டு எது? பஞ்சில் இருக்கும் செல்லுலோசை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் இட்டால் செல்லுலோஸ் நைட்ரேட் உண்டாகும். அதனுடன் கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால், சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் ஒரு பொருள் கிடைக்கும். ஆம், பூசை அறையில் நாம் ஏற்றும் அதே கற்பூரம்தான்! ஜான் வெஸ்லி ஹையாட் என்பவரும் அவருடைய அண்ணனும் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பின்னர் அவர்களுடைய தொழிற்சாலை நியூவார்க்குக்கு வந்தது. சீப்பு, சட்டைக் கழுத்துப் பட்டை, பொம்மை என்று பலவற்றைச் செல்லுலாய்டில் செய்தார்கள்.

அக்காலத்தில் ஒளிப்படம் எடுப்பது என்றால் கனமான கண்ணாடித் தகடுகளைச் சுமந்தாக வேண்டும். "கண்ணாடிக்குப் பதில் செல்லுலாய்டைப் பயன்படுத்தினால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கு வந்தது. நியூவார்க்கில் பாதிரியாராக இருந்த ஹன்னிபல் குட்வின் 1887-இல் சுருட்டக்கூடிய பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1888-இல் ஜான் கார்பட் என்பவர் நியூவார்க் தொழிற்சாலையின் செல்லுலாய்டுத் தகடுகளை வாங்கி, அவற்றில் ஒளியுணரும் பூச்சைப் பூசி விற்றார். 1889-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கம்பெனி ஒளி ஊடுருவும் சுருள் பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குட்வினுக்குக் காப்புரிமை கிடைத்தபோது ஆண்டு 1898. 1900-இன் இறுதியில் அவர் காலமானார். அதன் பிறகும் வழக்கு நடந்து, 1914-இல்தான் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி அவருடைய உரிமைக்காக 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

இப்போது வில்லையை மறுபடி பாருங்கள். அதில் ஒரு காமிராவின் படம் இருக்கிறது. அந்தக் காமிராவுக்குள் ஓடியது செல்லுலாய்டு. அந்தப் படத்தின் மேல் மூடியிருப்பதும் செல்லுலாய்டு. பொருளும் விளம்பரமும் ஒரே வேதியியலின் பிள்ளைகள்! இப்படி ஒரு தொடர்பு பாடப் புத்தகத்தின் எந்த அத்தியாயத்திலாவது இருக்குமா? வேதியியல் ஒரு பக்கத்திலும், ஒளியியல் வேறொரு பக்கத்திலும், வரலாறு வேறு புத்தகத்திலுமாக இருக்கும். ஒரு வில்லை இவை மூன்றையும் உங்கள் உள்ளங்கையில் சேர்த்து வைக்கிறது.

இன்னும் உண்டு. 1888-இல் வந்த முதல் கோடக் காமிராவின் விலை 25 டாலர். நூறு படம் எடுத்தபின் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். "நீங்கள் பொத்தானை அமுக்குங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1900-இல் அதே கம்பெனி பிரவுனி என்ற அட்டைப் பெட்டிக் காமிராவை ஒரே டாலருக்கு விற்றது. பிரவுனி என்பது அக்காலச் சிறுவர் கதைகளில் வந்த குட்டிப் பூதங்களின் பெயர். யாரை மனத்தில் வைத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்பது புரிகிறதல்லவா? முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் காமிராக்கள் விற்பனையாயின என்பார்கள். வல்லுநர்களின் கையில் இருந்த ஒரு கருவி குழந்தைகளின் கைக்கு வந்த கதையை அந்தக்கால விளம்பரங்கள் நமக்குச் சொல்கின்றன. கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் எத்தனை விற்றது என்பதைச் சொல்லும். யாரிடம், என்ன ஆசை காட்டி விற்றார்கள் என்பதை விளம்பரம்தான் சொல்லும்.

தரமணியில் ஒரு சான்று

"அதெல்லாம் அமெரிக்காவில். வேளச்சேரியில் எனக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? வேளச்சேரியிலிருந்து தரமணி எவ்வளவு தூரம்? சைக்கிளிலேயே போய்விடலாம். அங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பேராசிரியர் அல்லர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். அவர் வாழ்நாள் முழுவதும் பழைய தமிழ் நூல்களைச் சேர்த்தார். அதோடு நின்றாரா? நாடக நோட்டீசு, அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு என்று மற்றவர்கள் கசக்கி எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்குமாறு செய்தது. 1994-இல் சென்னையில் நூலகம் தொடங்கியது. அவர் விட்டுச்சென்றவை ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள்! இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள்.

அவர் நோட்டீசுகளைச் சேர்த்தபோது, அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள்? "எதற்கு இந்தக் காகிதக் குப்பை?" என்றுதான் நினைத்திருப்பார்கள். புத்தகத்தைக் காப்பதற்கு நூலகங்கள் இருந்தன. நோட்டீசைக் காப்பதற்கு யாரும் இல்லை. எல்லோரும் எறிந்ததால்தான் அது அரிதாயிற்று; அரிதானதால்தான் சான்றாயிற்று. சேகரிப்பின் முதல் பாடம் இது: இன்று எது ஏராளமாகக் கிடைக்கிறதோ, எதை யாரும் காப்பாற்ற நினைப்பதில்லையோ, அதுவே நாளை கிடைக்காமல் போகும்.

நம் பரணில் இருப்பவை

எனவே, வெளிநாட்டு வில்லைகளை விலை கொடுத்து வரவழைக்க ஓட வேண்டாம். நம் வீட்டுப் பரணைப் பாருங்கள். தாத்தா வைத்திருந்த அக்பா கிளிக்-III காமிரா ஒன்று அங்கே தூசு படிந்து கிடக்கலாம். நம் நாட்டிலேயே செய்யப்பட்ட அந்தக் காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். அதன் அட்டைப் பெட்டி, உபயோகிக்கும் முறை அச்சிட்ட தாள், கடை ரசீது ஆகியவையும் உடன் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

'இந்து' பிலிம் பெட்டியை நீங்கள் பார்த்ததுண்டா? உதகமண்டலத்தில் மத்திய அரசு 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நிறுவனத்தை அமைத்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் பிலிம், எக்ஸ்ரே பிலிம், படம் அச்சிடும் தாள் எல்லாம் அங்கே தயாராயின. மலைமேல் போய் ஏன் தொழிற்சாலை கட்டினார்கள்? பிலிமின் மேல் பூசும் ஜெலட்டின் பூச்சில் ஒரு தூசி விழுந்தாலும் அது படத்தில் புள்ளியாகத் தெரியும். தூசியற்ற குளிர்ந்த காற்றும் நல்ல நீரும் வேண்டும். இதற்கு நீலகிரி ஏற்றதாக இருந்தது. டிஜிட்டல் காமிரா பரவிய காலத்தில் பிலிமின் தேவை குறைந்தது. ஏற்கெனவே நட்டத்தில் இருந்த அந்த நிறுவனம் இப்போது மூடப்பட்டுவிட்டது. கோடக் கம்பெனியே 2012-இல் திவால் மனு கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலே நம் கண் முன்னால் மறைந்திருக்கிறது. அதன் அட்டைப் பெட்டிகளை யார் காப்பாற்றப் போகிறார்கள்?

இவை தவிர, ஸ்டூடியோக்காரர்கள் பிரதிகளைப் போட்டுக் கொடுத்த காகித உறைகள் இருக்கும். ஸ்டூடியோவின் பெயர், முகவரி, "நெகடிவ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்" போன்ற வாசகம், சில சமயம் ஒரு காமிராவின் படம்! நம் ஊரின் காமிரா விளம்பர வில்லை இதுதான் என்பேன். ஊசி மட்டும்தான் இல்லை.

துப்பறியும் வேலை

ஓர் உறையையோ வில்லையையோ கண்டெடுத்தீர்கள். அதன் வயது என்ன? இங்கேதான் அறிவியல் முறை வேலை செய்கிறது. பழைய வில்லையின் பின்புறம் உற்பத்தியாளர் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் அச்சிட்ட காகிதம் இருக்கும். அதில் 1896 ஜூலை 21 என்று இருந்தால், வில்லை 1896-இல் செய்யப்பட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1896 ஜூலைக்கு முன்னால் செய்யப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். முன்புறம் பிரவுனி காமிராவின் படம் இருந்தால் கீழ் எல்லை 1900-க்கு நகர்கிறது. இரண்டு சான்றுகள் இருந்தால், பிந்திய ஆண்டே கீழ் எல்லை.

இதே முறையை நம் ஸ்டூடியோ உறையிலும் செய்து பாருங்கள். விலை அணாவில் இருக்கிறதா? நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. ஆகவே அந்த உறை பெரும்பாலும் அதற்கு முந்தியது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு 1972 ஆகஸ்டு 15-இல் அறிமுகமாயிற்று. அப்படியானால் உறை அதற்குப் பிந்தியது. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருக்கிறதா, சென்னை என்று இருக்கிறதா? பெயர் 1996-இல் மாறியது. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பதையும் எண்ணுங்கள். இலக்கங்கள் காலப்போக்கில் கூடிவந்திருக்கின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. அச்சடித்த உறை மீந்துபோனால் கடைக்காரர் எறிந்துவிட மாட்டார். மேலும் சில ஆண்டுகள் அதையே கொடுப்பார். "இதற்கு முன் இருக்க முடியாது" என்பதை உறுதியாகச் சொல்லலாம். "இதற்குப் பின் இருக்க முடியாது" என்பதைத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லிப் பழகுவது, சோதனைச் சாலையில் வேலை செய்ய விரும்பும் எவருக்கும் தேவையான பழக்கம் அல்லவா?

உறைக்கு வயது தெரிந்தால் என்ன லாபம்? இப்போதுதான் வேளச்சேரிக்கு வருகிறோம்.

ஏரி எங்கே இருந்தது?

வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அருகருகே உள்ள தாழ்வான பகுதி இது. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருக்களில் தண்ணீர் நின்றதை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள், கேட்டாவது இருப்பீர்கள். தண்ணீருக்கு நினைவு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். முன்பு எங்கே தேங்கியதோ அங்கேதான் அது மறுபடியும் தேங்கும். அப்படியென்றால், முன்பு எங்கே தேங்கியது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அரசாங்க நிலப்படங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவின் முனையில் குட்டை இருந்ததா, வரப்பு இருந்ததா, எந்த மாதத்தில் நீர் வற்றியது என்பதைச் சொல்லக்கூடியது ஒரு குடும்பப் படம்தான். அத்தையும் சித்தியும் புதுச் சேலை கட்டி வீட்டு வாசலில் நிற்கிறார்கள். படம் எடுத்தவர் அவர்களைத்தான் எடுத்தார். ஆனால் பின்னணியில் ஏரிக்கரை விழுந்திருக்கிறது, பனைமரங்கள் விழுந்திருக்கின்றன, நீரின் விளிம்பும் விழுந்திருக்கிறது. காமிரா எதையும் ஒதுக்காது. தன் முன் இருப்பவை எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். அந்தப் படத்துக்கு ஓர் ஆண்டைக் குறிக்க முடிந்தால், அது ஊருக்கே ஒரு சான்றாகிவிடும். ஆண்டைக் குறிப்பதற்கு எது துணை? அந்தப் படம் இருந்த ஸ்டூடியோ உறைதான்! உறையை எறிந்துவிட்டு, படத்தை மட்டும் ஆல்பத்தில் ஒட்டியவர்கள் பாதிச் சான்றை எறிந்துவிட்டார்கள்.

ஆகவே சொல்கிறேன்: விளம்பரம் அச்சிட்ட ஓர் உறைக்கும், உங்கள் தெருவில் அடுத்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது.

ஈரம் என்னும் எதிரி

இதில் ஒரு வேடிக்கை. வேதனை என்றும் சொல்லலாம். ஏரியின் கதையைச் சொல்லும் படங்களை அந்தத் தண்ணீரே அழிக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பீரோவின் கீழ்த் தட்டு. ஆல்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். அது நீரில் ஊறினால் உப்பிப் பசைபோல் ஆகும். காயும்போது பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் இரண்டு படங்களும் பாழ்.

வெள்ளம் வராவிட்டாலும் சென்னையின் வெப்பமும் ஈரமும் சும்மா இருப்பதில்லை. செல்லுலோஸ் நைட்ரேட் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். அந்த அமிலம் வில்லையின் காகிதத்தைப் பழுப்பாக்கும். தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். செல்லுலாய்டின் சிதைவையே மேலும் விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நியூவார்க்கின் குளிரில் நூறாண்டு தாங்கும் வில்லை, நம் ஊர்ப் பரணில் தாங்குமா?

செல்லுலோஸ் நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், அதை அணைப்பதும் கடினம். புனேயில் 2003 ஜனவரியில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சினிமாப் பிலிம்கள் பல அழிந்தன. இந்த அபாயம் காரணமாகவே கோடக் 1951-இல் நைட்ரேட் பிலிமைக் கைவிட்டு அசிடேட் பிலிமுக்கு மாறியது. அசிடேட் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் அதுவும் சிதையும். அப்போது அசிடிக் அமிலம் வெளிவருவதால் வினிகர் நாற்றம் அடிக்கும். 1948-இல் அறிமுகமான இந்தப் பிலிம் கெடுகிறது என்ற முதல் புகார், பத்தாண்டுக்குள் எங்கிருந்து கோடக்குக்குப் போயிற்று தெரியுமா? இந்திய அரசிடமிருந்துதான்! நம் வெப்பமும் ஈரமும் அந்தக் குறையை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தன.

என்ன செய்யலாம்? சில எளிய வழிகள்: படங்களையும் நெகடிவ்களையும் பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து எடுத்துக் காகித உறையில் இடுங்கள். பரணில் சூடு அதிகம். தரையில் வெள்ள அபாயம். ஆகவே அலமாரியின் நடுத் தட்டுக்கும் மேல் வையுங்கள். காமிராவைத் தோல் உறையிலேயே வைத்திருக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; லென்சில் பூஞ்சை படரும். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காமிராவை வைக்கலாம். ஆனால் செல்லுலாய்டு வில்லையை அப்படி அடைத்து வைக்காதீர்கள். அது வெளிவிடும் வாயு வெளியேற வழி வேண்டும். காகித உறையில் தனியே வையுங்கள். இரும்புக்கு மூடி நல்லது. செல்லுலாய்டுக்குக் காற்று நல்லது. இது செல்லுலாய்டுதானா என்று சோதிக்க நெருப்பையோ சுட்ட ஊசியையோ ஒருபோதும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். விரலால் தேய்த்து முகர்ந்தால் கற்பூர மணம் வருகிறதா என்று பார்ப்பதே போதும்.

படங்கள் நனைந்துவிட்டால் பதறாதீர்கள். காயும் முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் இட்டு, மெல்லப் பிரித்து, படத்தின் முகப்பைத் தொடாமல், மேல்நோக்கி வைத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாவிட்டால், காகிதப் படங்களைப் பிளாஸ்டிக் பையில் இட்டு ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம்.

இந்தக் கலையை நேரில் காண விரும்பினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில், பொருள்களைக் காப்பதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று செயல்பட்டு வருகிறது. டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே பழைய வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் தூய்மை செய்தவர். சோழர் காலச் சிலைக்கும் உங்கள் வில்லைக்கும் எதிரி ஒன்றே: ஈரம்.

விலையும் மதிப்பும்

சேகரிப்பை எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சேகரிப்பு சிலரைப் பேராசைக்காரர்களாக்கிவிடுகிறது. பொருளின் விலையைத் தவிர வேறொன்றும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய வில்லைபோல் புதிதாகச் செய்து, செயற்கையாகப் பழுப்பேற்றி விற்பவர்களும் உண்டு. ஆகவே மாணவர்கள் பணம் கொடுத்து வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கேளுங்கள், கண்டெடுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் கொடுக்க விரும்பாவிட்டால், அனுமதி பெற்று உங்கள் செல்போனில் இரு புறமும் படம் எடுத்துக்கொண்டு, பொருளை அவரிடமே விட்டுவிடுங்கள். சான்று காப்பாற்றப்பட்டால் போதும். அது நம் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முக்கியமானது பொருள் அன்று, குறிப்பேடு. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், என்று கிடைத்தது, அவர் அதைப்பற்றி என்ன சொன்னார், அளவு என்ன, எழுத்து என்ன, வயதை எப்படிக் கணித்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும். குறிப்பில்லாத நூறு வில்லைகளைவிடக் குறிப்புள்ள ஓர் உறை மேலானது. பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் பிறகு கண்டுபிடித்துத் தராது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். வெள்ளம் எட்டாத மாடியில் அது இருக்கட்டும். உள்ளூர் ஸ்டூடியோக்களின் உறைகள், பிலிம் பெட்டிகள், தேதி குறித்த பழைய படங்களின் நகல்கள் அதில் சேரட்டும். வேளச்சேரியின் பள்ளிகள் எல்லாம் இதைச் செய்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஏரியின் எல்லை ஒவ்வொரு பத்தாண்டிலும் எப்படிச் சுருங்கியது என்பதை மாணவர்களே படம் வரைந்து காட்டலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

போகிக்கு முன்னால்

மார்கழி முடியும் நாளில் போகி வருகிறது. வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில் பழைய பெட்டிகள் எல்லாம் தெருவுக்கு வரும். சுத்தம் நல்லதுதான், நான் அதற்கு எதிரி அல்லன். ஆனால் பழைய பிலிம் சுருளைத் தீயில் போடுவது ஆபத்து என்பதை இப்போது அறிந்துகொண்டீர்கள். பழைய ஸ்டூடியோ உறையைத் தீயில் போடுவது வேறு வகை நட்டம் என்பதையும் அறிந்துகொண்டீர்கள். இந்த ஆண்டு போகிக்கு ஒரு வாரம் முன்பே பரணில் ஏறிப் பாருங்கள். அம்மா எறியச் சொல்லும் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு எறியுங்கள். உள்ளே காமிராப் படம் போட்ட ஓர் உறை இருந்தால் முகவரியைப் படியுங்கள், இலக்கங்களை எண்ணுங்கள், குறிப்பேட்டை எடுங்கள். முதல் எண்ணை எழுதுங்கள்: 1.